காது கேளாத ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அகழாய்வைச் சைகையில் சொல்லித்தருவது எப்படி? (கீழடி போவதற்கு முன்)

வைகைக்கரை டீச்சர் கேட்டது:

வணக்கம். வகுப்பில் காது கேளாத பிள்ளைகள் 11 பேர், ஐந்திலிருந்து ஏழு வயது. மூன்று பேருக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையில் பொருத்தும் காதுக் கருவி), ஐந்து பேருக்கு ஹியரிங் எய்டு, மீதிப் பேர் எதுவும் போடுவதில்லை. நாலு பேர் வீட்டில் சைகை தெரிந்த ஆளே கிடையாது. பள்ளிக்கு வந்த பிறகுதான் அவர்களுக்கு மொழி என்று ஒன்று கிடைத்திருக்கிறது.

அடுத்த மாதம் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறோம். அதற்கு முன் வகுப்பில் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருகிற கதையாக முடியக் கூடாது. கேட்க நினைப்பவை:

1. அகழாய்வு, தொல்லியல், மண்ணடுக்கு போன்ற சொற்களுக்குச் சைகை எங்கே கிடைக்கும்? கிடைக்காவிட்டால் விரலால் எழுத்துக் கூட்டிக் காட்டலாமா?

2. மணல் தொட்டியில் தோண்டும் விளையாட்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். அளவு என்ன, உள்ளே எதைப் புதைப்பது? வீடியோவில் பார்ப்பதெல்லாம் பிளாஸ்டிக் டைனோசராகத்தான் இருக்கிறது.

3. ‘ரொம்பப் பழசு’ என்றால் ‘தாத்தாவா?’ என்று கேட்கிறார்கள். இவர்களிடம் 2,600 வருடத்தை எப்படிச் சொல்வது?

4. பிள்ளை தோண்டிக்கொண்டிருக்கும்போது அவளோடு எப்படிப் பேசுவது?

கைமொழி பதில்:

டீச்சர், நாலாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றும் வந்து சிக்குவது அதில்தான்.

காது கேட்கும் பிள்ளை மண்ணைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சொல்வதையும் வாங்கிக்கொள்ளும். உங்கள் பிள்ளைகளுக்குப் பார்க்கவும் கண், கேட்கவும் கண். ஒரு கையில் பானை ஓட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ‘இது உடைந்தது, விளிம்பைப் பார்’ என்று நீங்கள் சைகை செய்தால், பாதிப் பேர் ஓட்டைப் பார்த்துச் சைகையை விடுவார்கள், பாதிப் பேர் சைகையைப் பார்த்து ஓட்டை விடுவார்கள். இரண்டையும் பிடித்த பிள்ளை ஒன்றுகூட இருக்காது. அதனால் பொருளைக் காட்டுங்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பொருளைத் தட்டில் இறக்கிவிடுங்கள். எல்லாக் கண்ணும் உங்கள் முகத்துக்கு வரும் வரை காத்திருந்து, பிறகு இரண்டு கையும் காலியாக இருக்கும்போது சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகே பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். சொல்லும்போதே கொடுத்தால் அந்தப் பிள்ளை குனிந்துவிடும், அதோடு பேச்சு முடிந்தது. இப்படிச் செய்தால் நேரம் இரண்டு மூன்று மடங்கு ஆகும். 40 நிமிடத்துக்கு நாலு பொருளுக்கு மேல் வைக்காதீர்கள்.

பிரஷ்ஷும் குச்சியும் கையில் இருக்கும்போது பிள்ளையாலும் பேச முடியாது. தன் கண்டுபிடிப்பைச் சொல்ல வாய் வரை வந்ததை அப்படியே விழுங்கிவிடும். ஆளுக்கொரு பழைய துண்டைத் தொட்டி ஓரத்தில் போட்டு, ‘பேசணும்னா கருவியைத் துண்டில் வை’ என்று முதல் நாளே பழக்குங்கள்.

கூப்பிடுவதற்குத் தரையைத் தட்டுவது மரப்பலகைத் தளத்தில் பலிக்கும், மண் தரையில் அதிர்வு போகாது. விளக்கை அணைத்துப் போடுவதும் வெளியில் நடக்காது. ஒரு முழம் சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் ஆட்டுங்கள். பார்த்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். தலையைத் தொடக் கூடாது, காதுக் கருவி இருக்கிறது.

இடம்: தொட்டியின் மூன்று பக்கம் பிள்ளைகள், நாலாவது பக்கம் நீங்கள். நாலு பக்கமும் பிள்ளைகளை உட்காரவைத்தால் யாரோ இருவர் உங்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள். 11 பேரை ஒரே தொட்டியில் விடாதீர்கள், ஆறும் ஐந்துமாகப் பிரியுங்கள். சைகை தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், மற்ற குழுவுக்கு நடுவில் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லாத வேலையாக, வரைவது, களிமண் உருட்டுவது போலக் கொடுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் கறுத்துத் தெரியும், புருவம் போகும் போக்கு தெரியாது. பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக இருந்தாலும் கூசும். பக்கவாட்டில் வெயில் விழுகிற வராந்தா நிழல் நல்லது. பூப்போட்ட புடவை, கண்ணாடி வளையல் அன்றைக்கு வேண்டாம். உங்கள் கை நிறத்திலிருந்து எடுத்துக்காட்டும் ஒற்றை நிறமாக உடுத்துங்கள். தூசிக்காக மாஸ்க் போடச் சொல்வார்கள், போட்டால் முகபாவம் மறைந்து, சைகையின் இலக்கணத்தில் பாதி போய்விடும். தூசி பறக்காத அளவுக்கு மண்ணை நனைத்துவிட்டால் மாஸ்க்கே தேவைப்படாது.

சைகைகளுக்கு வருகிறேன். டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதி 2018-இல் 3,000 சொல்லோடு வந்து, 2021-க்குள் 10,000 சொல்லுக்கு வளர்ந்தது. வீடியோவாகவே இருப்பதால் பார்த்துப் பழகலாம். ஆனால் ஐந்து வயதுக்கு ‘தொல்லியல்’ என்ற சொல்லே வேண்டாம். மண், தோண்டு, மெதுவாக, பானை, உடைந்தது, மேலே, கீழே, முன்பு, யார். இந்த ஒன்பது போதும். புதிதாகச் சொல் கற்றுக்கொடுக்க நேரத்தைச் செலவழிக்காமல் தெரிந்த சொல்லை வைத்துப் புதிய விஷயத்தைச் சொல்வதே இந்த மூன்று நாளுக்கு உகந்தது. நம் ஊரில் பள்ளிக்குப் பள்ளி சைகை கொஞ்சம் மாறும். அகராதியில் இருப்பதும் உங்கள் பிள்ளைகள் போடுவதும் வேறாக இருந்தால் பிள்ளைகளின் சைகையையே வைத்துக்கொள்ளுங்கள்.

விரலால் எழுத்துக் கூட்டுவது இவர்களுக்கு உதவாது. இந்திய சைகை மொழியில் இரண்டு கையாலும் காட்டுவது ஆங்கில எழுத்து. எழுத்தே படிக்காத பிள்ளைக்கு அது வெறும் விரல் அசைவு. கீழடிக்குப் பெயர்ச்சைகை வேண்டுமென்றால் மதுரைப் பக்கத்துக் காது கேளாத பெரியவர்களைக் கேளுங்கள், அவர்களிடம் இருக்கும், இல்லாவிட்டால் அவர்களே வைக்கட்டும். ‘கீழே’ என்றும் ‘அடி’ என்றும் நாமே ஒட்டவைத்தால் யாரோ யாரையோ கீழே தள்ளி அடித்ததாகத்தான் அர்த்தம் போகும். முடிந்தால் அப்படி ஒரு பெரியவரை மூன்று நாளும் வகுப்புக்கே அழைத்துவிடுங்கள்.

கேள்விச் சொல் வாக்கியக் கடைசியில் வரட்டும்: ‘பானை, உடைந்தது, யார்?’ ‘ஏன்’ என்று கேட்டால் சிறு பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதிலை ஊகிக்க ஆரம்பிப்பார்கள். ‘என்ன’, ‘எங்கே’, ‘யார்’ என்ற மூன்றோடு நிறுத்துங்கள்.

குழிக்கோடு பதில்:

டைனோசரை விட்டதற்கே டீச்சருக்கு ஒரு கும்பிடு. அதை ஒருமுறை புதைத்துவிட்டால் கீழடி போய்க் குழிக்குள் எலும்பைத்தான் தேடுவார்கள். மனிதர்கள் விட்டுப்போனதைத் தேடுகிறோம் என்பது முதல் நாளே மனதில் உட்கார வேண்டும்.

முதல் நாள் மண்ணைத் தொடவே வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் பழசு ஒன்றின் மேல்பகுதியை அறுத்துவிட்டு, அறுத்த விளிம்பில் டேப் ஒட்டுங்கள். அதற்கு முந்தைய வாரமே வகுப்பு மூலையில் வைத்து, திங்கள் முதல் வெள்ளி வரை காய்ந்த குப்பையை மட்டும் பிள்ளைகளே போடட்டும்: பென்சில் சீவல், பிஸ்கட் உறை, கிழிந்த நோட்டுத்தாள், உடைந்த கிரேயான். வாழைப்பழத் தோல் போட்டால் எறும்பு வந்துவிடும். நாளுக்கு ஒரு நிறச் செய்தித்தாளை மடித்து மேலே வையுங்கள். கேனின் பக்கச் சுவர் வழியாக அடுக்கு தெரியும். பாட நாளன்று மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். எந்தக் குப்பை முதலில் போனது, யார் போட்டது, அன்று என்ன சாப்பிட்டோம்? அகழாய்வில் நாங்கள் குழிக்குள் நின்று கேட்பதும் இதையேதான்.

இரண்டாம் நாள் தொட்டி. பெட்டி செய்யத் தேவையில்லை. தார்ப்பாயை விரித்து, 4 அடிக்கு 2.5 அடியில் செங்கல்லை மூன்று வரி அடுக்குங்கள், கலவை வேண்டாம். ஐம்பத்தைந்து கல் ஆகும், 9 அங்குல உயரம் கிடைக்கும். நாலாவது வரி வைக்காதீர்கள், பிள்ளைகள் சாயும்போது சரியும். மண் 6 அங்குலத்துக்கு நிரப்பினால் போதும். 5 கன அடி, அதாவது சிமென்ட் சாக்கில் நாலு சாக்கு.

அடுக்கு மூன்று. அடியில் செம்மண், நடுவில் ஆற்று மணல், மேலே தோட்டத்து மண். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். இடையில் சலித்த செங்கல் பொடியை மெல்லியதாகத் தூவினால் அடுக்கு மாறும் இடம் கோடு போட்டதுபோல் தெரியும். கரிசலை எடுக்காதீர்கள். நனைந்தால் உப்பிக் கையில் ஒட்டும், காய்ந்தால் கட்டி கட்டியாகி பிரஷ்ஷுக்கு அசையாது. எம்-சாண்ட் வேண்டாம், துகள் கூர்மை, கல்தூள் பறக்கும். மூன்று மண்ணையும் நனைத்துப் போட வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், விரலால் தொட்டால் உதிரணும், அதுதான் பதம். காய்ந்த மணலாக இருந்தால் ஓரம் சரிந்து மூன்று நிறமும் கலந்து, பத்தே நிமிடத்தில் ஒரே பழுப்பாகிவிடும். ராத்திரி மூடிவைக்க மறக்காதீர்கள், பூனைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

முக்கியமாக, தொட்டியைப் பிள்ளைகள் கண் முன்னால் நிரப்புங்கள். முதல் குழு நிரப்பட்டும், இரண்டாம் குழு தோண்டட்டும், இன்னொரு நாள் மாற்றிக்கொள்ளட்டும். நீங்கள் மறைவாக நிரப்பிவைத்தால் அது புதையல் வேட்டை. அவர்களே நிரப்பினால், கீழே இருப்பது முதலில் போட்டது என்பதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

புதைப்பது: செம்மண்ணில் ஒரு சிறு கலயத்தின் துண்டுகளும் ஒரு கிளிஞ்சலும். மேல் மண்ணில் சோடா மூடி, பேனா மூடி, ஒரு ரூபாய் நாணயம். நடு மணலில் ஒன்றும் வைக்காதீர்கள், வேண்டுமானால் இரண்டு கரித்துண்டு. தோண்டினால் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று பிள்ளை நினைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அங்கே ஆள் இல்லை என்பதும் ஒரு செய்திதான்.

கலயம் புதிதாக வாங்கியதாக இருக்கட்டும். உடைக்கும் முன் வயிற்றைச் சுற்றி வெள்ளைப் பெயின்டில் ஒரு பட்டை போடுங்கள், துண்டுகளை ஒட்டும்போது அது கண்ணுக்கு வழி காட்டும். ஈரச் சாக்கில் சுற்றி, சுத்தியலால் ஒரே தட்டு. எட்டு, பத்துத் துண்டு வந்தால் சரி. நாலு செ.மீ.-க்குக் குறைந்ததை எடுத்துவிட்டு, மீதியின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இரண்டு துண்டைப் புதைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பானை கிடைப்பது அபூர்வம், ஓட்டையோடு நிற்கும் பானையைப் பார்த்தும் பிள்ளைக்கு அது பானை என்று தெரிய வேண்டும். ஒட்டுவதற்கு முதலில் பேப்பர் டேப். ஒரு கிண்ணத்தில் மணல் வைத்து அதில் துண்டைச் செருகி நிறுத்தினால் இரண்டு கையும் விடுதலை. உங்கள் வகுப்புக்கு அது ரொம்ப உதவும்.

கருவி என்று ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், ஐஸ்கிரீம் குச்சி, குப்பை முறம், ரவை சல்லடை. ஸ்பூனும் கொத்தனார் கரண்டியும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஆளுக்கொரு கிணறு தோண்டிவிடுவார்கள், மூன்று அடுக்குப் பொருளும் ஒரே குவியலாக வெளியே வரும், எது எங்கிருந்து வந்தது என்பது போச்சு. தட்டைக் குச்சியால் மண்ணைச் சீவத்தான் முடியும். அந்த அடுக்கு முழுக்க நீங்கிய பிறகே அடுத்த நிறத்துக்கு இறங்கணும்.

சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி நாலு கட்டமாக்குங்கள். எண், எழுத்துக்குப் பதில் வட்டம், முக்கோணம், சதுரம், நட்சத்திரம். அதே குறி போட்ட தட்டு ஒன்று, தாள் ஒன்று. கிடைத்த பொருளை எடுக்கும் முன் தாளில் வரையணும். செம்மண்ணில் கிடைத்தால் சிவப்புக் கிரேயான், மணலுக்கு மஞ்சள், மேல் மண்ணுக்குக் கறுப்பு. ஒரு சொல் எழுதாமல் இடமும் ஆழமும் பதிவாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கீழடி, கொந்தகை பக்கத்து வயல்களில் மழை பெய்தால் பானை ஓடு மேலே தெரியும். ‘நிஜமானது’ என்று அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து தொட்டியில் போட வேண்டாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள் என்கிறது. அது கிடந்த இடம் போய்விட்டால் அதில் பாதி போயிற்று என்பதைத்தானே இந்த மூன்று நாளும் சொல்லித்தரப் போகிறோம்.

வைகைக்கரை டீச்சர்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. குப்பைக் கேன் இந்த வாரமே வைத்துவிடலாம். இன்னும் இரண்டு சந்தேகம். காலத்தைச் சொல்வது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. அடுக்கைக் கையால் காட்டுவதும் குழப்பமாக இருக்கிறது: தோண்டும்போது மேலிருந்து போகிறோம், கதை சொல்லும்போது கீழிருந்து வர வேண்டும். பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்வார்கள்?

கைமொழி பதில்:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். சைகையில் எது முதலில் வருகிறதோ அதுவே முதலில் நடந்தது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். மேல் மண்ணிலிருந்து சொல்ல ஆரம்பித்தால் சோடா மூடிதான் ஆதிகாலம். அதனால் இரண்டு கதையையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். நிரப்பும்போது ‘மண் எப்படி வந்தது’ என்ற கதை, கீழிருந்து மேலே. தோண்டும்போது கதை வேண்டாம், வேலை மட்டும்.

காட்டுவதற்கு உங்கள் உடம்பையே அளவுகோலாக்குங்கள். உள்ளங்கை கவிழ்த்த தட்டைக் கை இடுப்பருகே வந்தால் செம்மண், நெஞ்சருகே மணல், தாடையருகே மேல் மண். மூன்று நாளும் இந்த உயரங்களை மாற்றாதீர்கள். பிறகு இடுப்பருகே விரல் நீட்டினாலே ‘செம்மண்ணில் கிடைத்தது’ என்று புரிந்துவிடும். வெவ்வேறு ஆசிரியர்கள் எடுப்பதாக இருந்தால் இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நெஞ்சில் வைத்ததை இன்னொருவர் இடுப்பில் வைத்தால் பிள்ளைக்கு அது வேறு மண்.

கட்டங்களைக் காட்டும்போது எதிரில் நிற்காதீர்கள். உங்கள் இடது அவர்களுக்கு வலது. பிள்ளைகளோடு ஒரே பக்கம் திரும்பி, தோளோடு தோள் உட்கார்ந்து தாளில் விரல் வைத்துக் காட்டுங்கள்.

காலத்துக்குக் கயிறு. 13 மீட்டர் கயிற்றில் 50 செ.மீ.-க்கு ஒரு முடிச்சு, மொத்தம் 26. ஒரு முடிச்சு 100 வருடம். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்று செ.மீ., ஒரு கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. அறுபது வயதுப் பாட்டிக்கு 30 செ.மீ., ஒரு ஸ்கேல். இரண்டையும் கலர் டேப்பால் சுற்றுங்கள். மீதிக் கயிறு முழுக்க யாரோ, நமக்குத் தெரியாத பாட்டிகள். பாட்டியின் அம்மா, அவளுடைய அம்மா என்று போனால் ஒரு முடிச்சுக்கு நாலு பேர்.

கயிற்றைச் சுவரில் இடமிருந்து வலமாக ஒட்டிவிடாதீர்கள். இந்திய சைகை மொழியில் கடந்த காலம் தோளுக்குப் பின்னால் போகிறது. பிள்ளையைக் கயிற்றின் ‘இன்று’ முனையில், கயிறு முதுகுக்குப் பின்னால் ஓடும்படி நிறுத்துங்கள். ‘முன்பு’ சைகையைத் தோளுக்கு மேல் பின்னால் ஒருமுறை, இருமுறை, பலமுறை வீசிக் காட்டுங்கள், கன்னமும் கண்ணும் சேர்ந்து தூரத்தைக் காட்டட்டும். அதற்கப்புறம் பிள்ளை திரும்பி, கயிற்றோரமாகக் கடைசி முடிச்சு வரை நடந்து போகட்டும். அங்கே தரையில் ஒரு பானை ஓட்டுப் படம் வையுங்கள்.

குழிக்கோடு சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘எடுக்கும் முன் வரை’ என்பது ஏழு வயதுக்குச் சரி. பள்ளியில் வந்து மொழி கற்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு, கண்ணுக்கு எதிரே கிடப்பதைத் தொடாதே என்றால் காரணம் புரியாது, தடை மட்டும்தான் புரியும். அவர்களுக்குப் பொருளின் பக்கத்தில் கட்டக்குறி அட்டையை வைத்து போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கையில் கொடுத்துவிடலாம். கிரேயான் நிறத்தைப் பிறகு தட்டிலேயே புள்ளியாக வைத்துக்கொள்ளலாம்.

குழிக்கோடு:

போன் படம் சரி, ஆனால் அடுக்கு நிறம் அந்த நிமிடமே பதிவாகணும். தட்டில் ‘பிறகு’ வைக்கிற புள்ளி பெரியவர்கள் குழியிலேயே தப்பாகும். அட்டையையே மூன்று நிறத்தில் செய்துவிட்டால் தகராறு இல்லை.

ஆழத்தைக் காட்ட இன்னொன்று. மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205 என்று கரிமக் காலக்கணிப்பு (கரியில் மீந்திருக்கும் கரிமத்தை அளந்து வயதைக் கணிப்பது) வந்தது. மாடி வராந்தாவிலிருந்து 353 செ.மீ. நீளத் துணிப்பட்டையைத் தொங்கவிடுங்கள், மேலிருந்து 200 செ.மீ.-இல் ஒரு நிற முடிச்சு. மேல் முனைதான் இன்றைய வயல், கீழே நிற்கும் பிள்ளை குழிக்குள் நிற்கிறாள். அருங்காட்சியகத்துக்குப் போனால் இது மனதில் இருக்கும்.

ஒலிப்பெட்டி பதில்:

காதுக் கருவிகள் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

இம்ப்ளான்ட் போட்ட பிள்ளையின் தலையில் ஒட்டியிருக்கும் வட்டக் கம்பிச்சுருள் (coil) காந்தத்தால் நிற்கிறது. குனிந்தால் கழன்று விழும். ஆற்று மணலில் இரும்புச் சத்துள்ள கறுப்புத் துகள் இருக்கும், காந்தம் அதை மொத்தமாக இழுத்துக்கொள்ளும். துணியால் தேய்த்தால் கீறும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். விழாமல் இருக்க, சட்டைக் காலரில் குத்தும் கிளிப் நூல் உண்டு, அன்றைக்குக் கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள். மைக் துளையில் மணல் அடைத்தால் சத்தம் மங்கும், பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. கருவியைக் கழற்றிவிட்டுத் தோண்டுவதா, உறை போட்டுத் தோண்டுவதா என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். கழற்றினால் பெயர் எழுதிய மூடியுள்ள டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். மதுரைப் பக்கத்து வெயிலில் மணலைவிட வியர்வைதான் அதிகம் கெடுக்கும்.

தகரச் சல்லடையில் மண் விழும் சத்தம் மைக்குக்குப் பக்கத்தில் காதைக் குடையும், சில பிள்ளைகள் கருவியைப் பிடுங்கி எறிவார்கள். பிளாஸ்டிக் சல்லடை வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: ஹியரிங் எய்டு பேட்டரி. பார்க்க மணி மாதிரியே இருக்கும், மண்ணில் விழுந்தால் ‘கிடைத்தது’ என்று எடுத்து வாயில் போட வாய்ப்புண்டு. பட்டன் பேட்டரி உள்ளே போனால் தாமதிக்காமல் மருத்துவமனை, காத்திருந்து பார்க்கும் வேலை கூடாது. தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எத்தனை பேட்டரி என்று எண்ணுங்கள். பேட்டரி அறைக்குப் பூட்டுள்ள மாடல் என்றால் பூட்டிவிடுங்கள். இதே காரணத்துக்காகத் தொட்டியில் மணி புதைக்கவே வேண்டாம்.

கைமொழி பதில்:

அருங்காட்சியகம் பற்றி. அங்கே வெளிச்சம் பொருள் மேல் விழும், நம் மேல் விழாது. கையளவு கிளிப் விளக்கு ஒன்றை உங்கள் முகத்தையும் கையையும் நோக்கிப் பிடிக்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பட்டால் எதிரொளிக்கும், முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். பெட்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள், பிள்ளைகள் தரையில் உட்காரட்டும். வழிகாட்டி பேசினால், பொருளைச் சுட்டிய பிறகு நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பேசச் சொல்லுங்கள். பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினால் உதடு பார்க்கிற பிள்ளைக்கும் ஒன்றும் கிடைக்காது.

நாலு பொருள் போதும். உறைகிணற்றின் சுடுமண் வளையங்கள், கறுப்பு சிவப்புப் பானை, ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்களைத் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறிய ஓடுகள், வட்டச்சில்லு. வட்டச்சில்லை விட்டுவிடாதீர்கள். உடைந்த ஓட்டை வட்டமாகத் தேய்த்தது, பாண்டி ஆடுகிற சில்லுதான். மூன்றாம் நாள் வகுப்பில் இன்னொரு கலயத்தை உடைத்த துண்டை ஆளுக்கொன்று சொரசொரப்பான கல்லில் நனைத்துத் தேய்க்கட்டும், கால் மணி நேரத்தில் வட்டம் வந்துவிடும். தான் தேய்த்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு நாம் சைகையில் ஒன்றும் விளக்க வேண்டாம்.

திறந்தவெளிக் குழிகள் பக்கம் போனால் ஒரு விஷயம். ஓடுகிற பிள்ளையை ‘நில்!’ என்று கத்தி நிறுத்த முடியாது. சிவப்புத் துணி தெரிந்தால் அப்படியே நிற்க வேண்டும் என்பதைப் பள்ளியிலேயே விளையாட்டாகப் பழக்கி, குழி விளிம்புக்கு ஆறு அடி முன்னால் கயிறு பிடித்த இரண்டு பெரியவர்களை நிறுத்திய பிறகே பஸ்ஸிலிருந்து இறக்குங்கள்.

திரும்பி வந்ததும் என்ன புரிந்தது என்று பார்க்கக் கேள்வித்தாள் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், கறுப்புத் தாள் மூன்றும், ஓடு, கரி, சோடா மூடி மூன்றும் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். பிறகு செருப்பு ஒன்றைக் கொடுங்கள். அதை எந்த அடுக்கில் வைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.